நானூற்று நாற்பது

கொக்கிரகுளம், மூன்றாம் மாடி, புள்ளியியல் பிரிவு.
குத்தாலிங்கம் சார் கேட்டது ஒரே ஒரு எண்:
அக்டோபரில் எவ்வளவு மழை?

என் பங்குக்கு ஆறு மழைமானிகள்.
ஊத்து நானூற்று இருபது.
நாலுமுக்கு முன்னூற்று எண்பது,
அங்கே மழைக்கு வேறு வேலை கிடையாது.
அம்பை தொண்ணூறு.
நாங்குநேரி இருபது.
ராதாபுரம் பத்து; அதுவும் ஒரே சாயங்காலம்,
தூசி அடங்குமுன் நின்றுவிட்டது.
சமூகரெங்கபுரம்: கட்டம் காலி.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
கூட்டினார், வகுத்தார், வீட்டுக்குப் போனார்.
நானும் காலையில் அப்படித்தான் தட்டினேன்.
நூற்று எண்பத்து நான்கு.
திரையில் நனைந்து நின்றது அந்த எண்.
எந்த ஊரில் பெய்தது அது?
அம்பையில் இல்லை. ஊத்தில் இல்லை.
மலை ஏறும் ஏதோ ஒரு வளைவில்
பஸ் மூச்சு வாங்க நின்ற இடத்தில்
பெய்திருக்கலாம்.

இன்னொரு நிரல் சேர்த்தேன்.
தலைப்பு: எடை.
ஒவ்வொரு மானிக்கும் பின்னால் கிடக்கும் நிலம்,
சதுரக் கிலோமீட்டரில்.
ஊத்துக்கு முப்பது, நாலுமுக்குக்கு முப்பது,
தேயிலையும் அட்டையும் மேகமும் சேர்த்தே அவ்வளவுதான்.
அம்பைக்கு நானூறு.
நாங்குநேரிக்கு அறுநூறு.
ராதாபுரத்துக்கு ஐந்நூறு:
உடைமரம், காற்றாலை, செம்மண்,
ஆடு தேடிப்போகும் ஒரு சைக்கிள்.

மென்பொருளுக்கு ஒரு குணம்.
எடையைச் சொன்னால் எடுத்துக்கொள்ளும்.
சொல்லாவிட்டால், எல்லோருக்கும் ஒன்று என்று
தானே வைத்துக்கொள்ளும். கேட்காது.
அந்த ஒன்றும் ஒரு எடைதான் என்று
எனக்கு உறைக்க ஆறு வருஷம் ஆனது.

பெருக்கி, கூட்டி,
எடைகளின் மொத்தத்தால் வகுக்க,
நாற்பத்தொன்பது புள்ளி நான்கு.
ஒரு கட்டளை வரியில்
அத்தனை மழையும் வற்றிவிட்டது.

காலிக் கட்டத்தை 'விடுபட்டது' எனக் குறித்திருந்தேன்.
காலி வேறு, பூஜ்யம் வேறு; அது முதல் பாடம்.
அந்த ஊரின் மழையை மேலே சேர்க்கவில்லை,
அந்த ஊரின் எடையைக் கீழே சேர்க்கவில்லை.
பிசகில்லை.
பிசகில்லை என்பதில் கொஞ்சம் கர்வமும்.

டீ ஆறிய பிறகு, சும்மா ஒரு போன்.
மானி பார்ப்பவர் தவசிக்கனி.
'மானி உடைஞ்சிருக்கா அண்ணாச்சி?'
'நல்லாத்தான இருக்கு.'
'பின்ன எழுதக் காணோமே?'
'பெஞ்சாத்தானம்மா எழுத? பெய்யல, எழுதல.
தெனமும் எட்டரைக்குப் போய்ப் பாத்தேன்.
உள்ள ஒரு எட்டுக்கால் பூச்சி கெடந்துச்சு.
அதையும் எழுதணும்னு ஒருத்தரும் சொல்லலயே.'

முப்பத்தொரு காலை.
முப்பத்தொரு முறை குனிந்து
ஒருவர் கண்ணால் பார்த்த ஒன்றுமில்லை.
அதைத்தான் 'தெரியாது' என்று வைத்திருந்தேன் நான்.

பூஜ்யம் இட்டேன்.
மேலே எதுவும் கூடவில்லை.
கீழே மட்டும் நானூற்று நாற்பது
வந்து உட்கார்ந்தது.
முப்பத்தெட்டு புள்ளி ஐந்து.

படிவத்தில் நாற்பதுக்கு நேரே ஒரு கோடு உண்டு.
மேலே என்றால் ஒரு கோப்பு, கீழே என்றால் வேறு.
சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'காலைல நூத்தி எம்பத்தி நாலுன்னீங்க?'
'அது மானிகளோட சராசரி சார்.'
'இது?'
'தரையோடது.'
கையெழுத்திடவில்லை. மறுக்கவுமில்லை.
'திங்கக்கெழமை பாப்போம்.'

ஜன்னலுக்குக் கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது,
ஊத்தில் பெய்ததைச் சுமந்து, கிழக்கே,
ராதாபுரம் பக்கம் திரும்பாமல்.

கணினியை அணைக்கும் நேரம்
தவசிக்கனியே அழைத்தார்.
'எங்க ஊருக்கு என்னமோ எடை போடுதோம்னிய.
எவ்வளவு போட்டிய?'
'நானூத்தி நாப்பது.'
கொஞ்ச நேரம் காற்றாலைச் சத்தம் மட்டும்.
'அம்புட்டு கனமாவா இருக்கோம்?'